பதினொரு தடைகளில் இன்னும் உடையாத இரண்டு

சென்ற ஆண்டு மாசி மாதம், பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், முண்டு மிளகாய்த் தோட்டத்தின் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மடியில் என் முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வித்தாள். எதிரே பழம் பறித்துக்கொண்டிருந்தவர் எங்கள் சமூகத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர். விதை, உரம், மருந்து, பறிப்புக்கூலி எல்லாம் அவருடைய செலவு. "பட்டா யார் பேர்லக்கா இருக்கு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பட்டா அவுக பேர்ல. அடங்கல் அவுக பேர்ல. இன்சூரன்ஸும் அவுக பேர்லதான். கடன் மட்டும் எம்பேர்ல."

என் கேள்வித்தாளில் 'விவசாயி', 'விவசாயத் தொழிலாளி' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அவரை எதில் குறிப்பது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிராமப் பொருளாதாரம் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். மாறித்தான் இருக்கிறது. புழுதி விதைப்பு நெல்லை இன்று இயந்திரம் அறுக்கிறது. கதிர் அறுத்துக் கூலி நெல் வாங்கி வந்த என் அப்பத்தாவின் காலம் போய்விட்டது. ஒரு வீட்டுக்கு ஒருவராவது திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். தரிசாக விட்ட நிலங்களிலும் கண்மாய்களிலும் சீமைக்கருவேலம் மண்டியது. நிலமில்லாதவர்களுக்கு அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே ஒரு பிழைப்பானது. கமுதியில் 2016-இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 2023-இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் மாற்றத்தை எதைக் கொண்டு அளப்பது? பொருளாதாரத் துறையில் வருமானம், விளைச்சல், வேலைநாள் என்று அளவுகோல்கள் உண்டு. நான் வேறொன்றைப் பயன்படுத்துகிறேன். அது இந்த மண்ணிலேயே, நம் எதிரிகளாலேயே எழுதப்பட்டது.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் அதில் அடக்கம்) ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்டோர் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. கால்நடைகள் கொள்ளை போயின. அப்படியும் மக்கள் பணியவில்லை. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆதிதிராவிடர்களும் தேவேந்திரகுல வேளாளர்களும் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும், திருமணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது. இவற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மேடைகளிலும் இவற்றைத்தான் சொல்கிறோம்.

அதிகம் சொல்லாதவை மீதமிருப்பவை. ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமை வேலை செய்ய வேண்டும். காலை 7 முதல் மாலை 6 வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி எதையாவது விளைவித்தாலும் அறுவடை நேரத்தில் அது கொள்ளையடிக்கப்படும்.

அந்தப் பட்டியல் ஒரு பொருளாதாரத் திட்டம். நம்மிடம் நிலம் இருந்தால் கூலிக்கு வரமாட்டோம். படித்தால் மாடு மேய்க்க மாட்டோம். நல்ல உடை உடுத்தினால் குனிய மாட்டோம். இதை எழுதியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மானத்தையும் நிலத்தையும் அவர்கள் ஒரே பட்டியலில்தான் வைத்தார்கள். இரண்டையும் பிரித்துப் பேசுவது நாம்தான்.

பதினொன்றில் பெரும்பாலானவற்றை நம் மக்கள் உடைத்துவிட்டார்கள். அதற்குக் கொடுத்த விலை பரமக்குடிக்குத் தெரியும். படையிலிருந்து திரும்பி மக்களைத் திரட்டிய தியாகி இமானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று இதே ஊரில் கொல்லப்பட்டபோது அவருக்கு 32 வயது. அவருடைய நினைவு நாளில், 2011-இல், இதே ஊரில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அப்பத்தா போட முடியாத செருப்பை நான் போட்டிருக்கிறேன். அவர் தொட முடியாத புத்தகங்களைப் படித்து ஆய்வாளராகியிருக்கிறேன். இதற்கெல்லாம் காரணம் வளர்ச்சி தானாக வந்தது அல்ல.

ஆனால் இரண்டு தடைகள் இன்னும் முழுதாக உடையவில்லை. ஒன்று குத்தகை. மற்றது நிலமும் தண்ணீரும்.

குத்தகையைப் பாருங்கள். இன்று 'பயிரிடக் கூடாது' என்று யாரும் சொல்வதில்லை. பயிரிடு, ஆனால் காகிதம் கேட்காதே என்பதுதான் இன்றைய வடிவம். சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களுக்கு 1955-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் இன்னொரு சட்டம் வந்தது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் அஞ்சுகிறார். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டு வருடம் ஆனதும் வேறு வயலுக்கு மாற்றிவிடுவார்கள். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே. பருவம் தப்பிப் பெய்த மழையில் மிளகாய் அழுகினால், நட்டம் பயிரிட்டவருக்கு, இழப்பீடு பட்டாதாரருக்கு. விளைந்த பின் கொள்ளையடிப்பது என்று 1931-இல் எழுதிய வேலையை இன்று ஆவணங்கள் சத்தமில்லாமல் செய்கின்றன.

நிலம் ஏன் நம்மிடம் இல்லை என்பதற்கும் இங்கே தனி வரலாறு உண்டு. 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க முடிவு செய்தபோது, அது அரசுத் தரிசிலிருந்து கொடுத்தது. எங்கள் பகுதியோ இராமநாதபுரம் ஜமீன், தரிசும் ஜமீனுக்கே. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது கணக்கில் பெயர் இருந்த குடிகள் பட்டா பெற்றார்கள். பண்ணையில் உழைத்தவர்களின் பெயர் எந்தக் கணக்கில் இருக்கும்? நம்மில் சிலரிடம் சிறு நிலங்கள் உண்டு, மறுக்கவில்லை. குறிப்பாகத் தேவேந்திரகுலக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நஞ்சையைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பறையர், அருந்ததியர் குடும்பங்களில் அதுவும் அரிது.

தண்ணீரின் கதையும் இதேதான். வைகை வறண்டாலும் நிறைந்தாலும் இம்மாவட்டத்தின் விவசாயம் கண்மாயை நம்பியது. மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே. மடையைத் திறப்பது நம் கை. எப்போது திறப்பது என்று முடிவெடுப்பது வேறு வாய். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் உறுப்பினராவதற்கும் ஆயக்கட்டு நிலமே அடிப்படை. நிலமில்லாதவருக்குக் கண்மாயில் குரல் இல்லை.

இந்த இரண்டும் மாறாத நிலையில், நம் மக்களுக்குக் கிடைத்த மாற்றமெல்லாம் வயலைவிட்டு வெளியேறும் வழிகள்தான். நூறாண்டுக்கு முன் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு, இன்று திருப்பூருக்கு. வெளியேற முடியாத பெண்களுக்கு ஊரிலேயே ஒரு வழி கிடைத்தது: நூறு நாள் வேலை. 2008-இல் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் வேலைநாட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவை. "நூறு நாள் வேலையால் விவசாயமே கெட்டுப்போச்சு" என்று டீக்கடையில் கேட்காதவர் உண்டா? கெட்டது விவசாயமல்ல. சொன்ன கூலிக்கு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டிய கட்டாயம்தான் கெட்டது. "இன்னைக்கி வரலய்யா, கண்மா வேல இருக்கு" என்று அப்பத்தா ஒருநாள் வாசலில் நின்று சொன்னதை நான் பார்த்தேன். அவர் வாழ்நாளில் முதல்முறையாக 'வரல' என்று சொன்னது அன்றுதான் என்று அத்தை பிறகு சொன்னார்.

அந்தச் சொல்லுக்குத்தான் இப்போது ஆபத்து. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலையை 125 நாளாக உயர்த்துவதாகச் சொல்கிறது. கூடவே, விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் 60 நாட்களுக்கு இந்த வேலையே கிடையாது என்கிறது. செலவில் 40 சதவீதத்தை மாநிலங்கள் மீதும் சுமத்துகிறது. சிறு விவசாயிக்கு ஆள் கிடைக்காதது உண்மையான சிரமம்; நம் சொந்தக்காரர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதற்கு விடை கட்டுப்படியாகும் விளைபொருள் விலையும் இடுபொருள் செலவைக் குறைப்பதும். கூலிக்காரப் பெண்ணின் மாற்று வழியை அடைப்பதல்ல. வயலில் ஆள் தேவைப்படும் நாட்களில் அவளுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்வதற்கும், 7 முதல் 6 வரை மிராசுதாரிடம் நிற்க வேண்டும் என்ற 1931-இன் தடைக்கும் உள்ள தூரம் எவ்வளவு?

அம்பேத்கர் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், விவசாய நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்டார். மிராசுதார், குத்தகைக்காரர், நிலமற்ற கூலி என்ற மூன்றுமே இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இன்று அதில் கால்வாசிகூடக் கேட்க நாம் தயங்குகிறோம். நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் நன்னிலம் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் சந்தையில் வாங்கிக்கொள் என்கிறது அது. ஊரில் நிலத்தை நமக்கு விற்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

ஆகவே நம் கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்கட்டும். வாய்மொழிக் குத்தகையை, உடைமையாளர் சம்மதத்துக்குக் காத்திராமல், கிராம சபையின் சாட்சியத்தில் அடங்கலில் ஏற்ற வேண்டும். காப்பீடும் நிவாரணமும் பயிரிட்டவருக்குப் போக வேண்டும். கண்மாய் நிர்வாகத்தில் நிலமற்றோருக்கும் நீர்பாய்ச்சிகளுக்கும் இடம் வேண்டும். நிலத்தை அரசே கையகப்படுத்தி நம் பெண்கள் பெயரில் கொடுக்க வேண்டும். 60 நாள் தடை போக வேண்டும்.

செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பும்போது உங்கள் ஊர் அடங்கலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் பயிரிடுகிறார்கள், யார் பெயர் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை அடுத்த கிராம சபையில் வாசியுங்கள்.

நான் என் கேள்வித்தாளைத் திருத்திவிட்டேன். அந்த அக்காவை 'விவசாயி' என்று குறித்திருக்கிறேன். அரசின் கணக்கிலும் அப்படிக் குறிக்க வைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.