கூப்பிடு தூரத்து மலைகள்

நம்மவர்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் முதலில் தூரம் வேண்டும். இராத்திரி பஸ் ஏற வேண்டும். இடுப்பு ஒடிய வேண்டும். விடியற்காலையில் ஏதோ ஒரு மலைப்பாதையில் குழந்தை வாந்தி எடுக்க வேண்டும். திரும்பி வந்து இரண்டு நாள் லீவு போட்டுப் படுக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் 'போய் வந்தோம்' என்று சொல்லிக்கொள்ள வாய் வருகிறது. காலையில் புறப்பட்டு, கட்டுச்சோற்றை ஒரு மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேருகிறவனைப் பிரயாணம் செய்தவனாக யாரும் மதிப்பதில்லை. அவனே தன்னை மதித்துக்கொள்வதில்லை. 'சும்மா பக்கத்திலே போய்ட்டு வந்தேன்' என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

மதுரையை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஊரை எடுத்தாலும் கதை இதுதான். மதுரையில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கிறது. மதுரைக் குடும்பஸ்தர் ஒருவர் கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போயிருக்கிறார் என்று அவருக்கே கணக்கு இராது. 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் உதகைக்கும் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் வெளியூர் வண்டிகள் ஏறலாம் என்று ஆயிற்று. மலைக்குப் போக அனுமதிச் சீட்டு! கூட்டம் தாங்காமல் மலையே மூச்சுத் திணறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நம்மவர் அசந்தாரா? சீட்டையும் வாங்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வண்டி வரிசையில் நின்று, ஏரியைச் சுற்றி வந்து, வேகவைத்த சோளக்கதிர் தின்றுவிட்டுத் திரும்புகிறார். அவரிடம் யானைமலையில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். 'அதைத்தான் தினம் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோமே, ஸார்' என்பார்.

பஸ்ஸிலிருந்து பார்ப்பது உண்மைதான். மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்றக் கிளையைத் தாண்டினால் ஒத்தக்கடை; பக்கத்தில் படுத்த யானை மாதிரி மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. ஆனால் பஸ்ஸிலிருந்து தெரியாதது ஒன்று அங்கே இருக்கிறது. மலையின் அடிவாரத்தில், நரசிங்கம் என்கிற சிற்றூரில், பாறையைக் குடைந்து ஒரு கோயில். கி.பி. 770-ல், பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனிடம் மந்திரியாக இருந்த மாறன் காரி என்பவன் அதைத் தொடங்கினான். முடிவதற்குள் இறந்து போனான். அவன் தம்பி மாறன் எயினன் அதே மந்திரி உத்தியோகத்துக்கு வந்து, முகமண்டபத்தைக் கட்டி, அண்ணன் விட்ட வேலையை முடித்தான். இவ்வளவும் அங்கேயே கல்லில் எழுதியிருக்கிறது. ஆயிரத்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தம்பி தன் அண்ணனுக்குச் செய்த காரியம், டவுன் பஸ் போகிற தூரத்தில் கிடக்கிறது. நாமோ அண்ணன் தம்பிப் பாசத்தைக் கண்டு அழுவதற்குச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்காருகிறோம்.

மேற்கே போனால் கீழக்குயில்குடி. மலையடியில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். மலைமேல் செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஊர் ஜனங்களுக்கு அவர் செட்டியார். நீண்ட காது, நிறைந்த உடம்பு, அசையாத உட்காரல். வேறு யாராக இருக்க முடியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்! இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே வரிசையாகச் சமண உருவங்கள், அடியில் வட்டெழுத்து. சமணம் இந்தப் பக்கத்தைவிட்டுப் போய்விட்டது, செட்டியார் போகவில்லை, அய்யனாரும் அவரும் ஒரே மலையில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பையனுக்குச் சரித்திரப் பாடத்தில் 'சமணர்கள்' என்ற சொல் இனி வெறும் பரீட்சைக் கேள்வியாக இருக்குமா?

மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் மலையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. 1882-ல் ராபர்ட் சூவல் என்கிற வெள்ளைக்காரர் அந்தக் குகையில் எழுத்து இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பதை விளக்கிக் காட்டினார். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி செய்து கொடுத்த உறைவிடம் அது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் அங்கே தானம் செய்திருக்கிறது. தமிழ் மொழி எழுத்தில் எழுதப்பட்டதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று. 'கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே' என்று மேடையில் முழங்குகிற நம்முடைய பேச்சாளர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார்கள்? பழம்பெருமைக்கு ஒலிபெருக்கி வைக்கிறவர்கள் முழங்கால் வலிக்க நூறு படி ஏறுவது கிடையாது.

'போங்கள் ஸார், அங்கே என்ன இருக்கிறது? வெறும் கல்!'

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. ஏனென்றால் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. கல் வியாபாரிகளும் அதையேதான் சொன்னார்கள். மேலூர்ப் பக்கத்தில் மலைகளை இட்லி மாதிரி துண்டு போட்டு லாரியில் ஏற்றியபோது அவர்களுடைய கண்ணிலும் அது வெறும் கல்தான். 2012-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிய பிறகல்லவா நகரத்துக்கு விஷயம் தெரிந்தது? சட்டவிரோதமாக வெட்டியதில் நஷ்டம் பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அதில் கணக்குச் சொல்லியிருந்தார். மலை ஓர் இரவில் காணாமல் போகிற பொருளா? வருஷக்கணக்காக அறுத்திருக்கிறார்கள். கீழவளவில், சமணத் துறவிகளின் படுக்கையும் பழைய எழுத்தும் இருக்கிற பஞ்சபாண்டவர் மலைக்குப் பக்கத்திலேயே வெட்டினார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரன் பார்த்தான். அவன் பேச்சு எடுபடவில்லை. பேச்சு எடுபடக்கூடிய வக்கீல், டாக்டர், வாத்தியார், பத்திரிகைக்காரர் எல்லாரும் சனி ஞாயிறுகளில் கொடைக்கானலில் சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தார்கள்.

இது அதிகப்படியான பேச்சு என்று தோன்றினால் அரிட்டாபட்டியைப் பாருங்கள். மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். குடைவரைச் சிவன் கோயில், தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைக்கிற லகுலீசர் சிற்பம், பழந்தமிழ் எழுத்து, பாறை இடுக்கில் கூடு கட்டும் வல்லூறுகள், மலையில் பெய்த மழையை வாங்கிக்கொள்ளும் கண்மாய்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம். 2024 நவம்பரில் அதே ஊரையும் தொட்டுக்கொண்டு இரண்டாயிரம் ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது! தில்லியில் வரைபடத்தில் கோடு போட்டவருக்கு அது ஒரு நம்பர். சட்டசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7-ஆம் தேதி கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. காப்பாற்றியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்தப் புகழில் நகரவாசிகள் பங்கு கேட்க வேண்டாம். ஊர்வலம் தல்லாகுளத்தை நோக்கி வந்தபோது மாடியிலிருந்து பார்த்த மதுரைக்காரர்களில் எத்தனை பேர் 'அரிட்டாபட்டி எங்கே இருக்கிறது?' என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம் கிளம்பிற்று. ஜனங்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அந்தச் சூட்டில்தான், 2010-ல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 'பசுமை நடை' என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்கு நடக்க ஆரம்பித்தார். கையில் குழந்தையோடு பெண்கள் வந்தார்கள். மலைமேல் கல்வெட்டைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தார். இறங்கி வந்து மரத்தடியில் சாப்பாடு. இதற்கு எந்த மந்திரியும் நாடா வெட்டவில்லை. ஆனால் இத்தனை கால்கள் மிதித்துப் போன மலையில் ஒருவன் திருட்டுத்தனமாக வெடி வைத்தால், மறுநாளே கேட்க நாலு பேர் இருப்பார்கள் அல்லவா?

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். இன்பச் சுற்றுலா என்று ஒரு சுற்றறிக்கை வருஷா வருஷம் வருகிறது. பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு 'எனக்கு ஜுரம்' என்று பொய் சொல்லிக் கற்றுக்கொள்கிறது. கட்ட முடிந்த பிள்ளைகளை இரவு முழுவதும் பஸ்ஸில் குலுக்கி எடுத்துக்கொண்டு போய், தண்ணீரில் சறுக்கி விளையாடுகிற ஒரு பூங்காவில் கொட்டி, மறுநாள் இரவு திரும்பக் குலுக்கிக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் இல்லாமலில்லை. தண்ணீரைக் கண்டால் எந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம் இல்லை? ஆனால் அந்தச் செலவில் ஒரு வகுப்பு முழுவதையும், ஜுரக்காரப் பிள்ளை உள்பட, வருஷத்துக்கு ஆறு மலைக்கு அழைத்துப் போகலாம். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் போய் மத்தியான மணியடிப்பதற்குள் திரும்பலாம். வாத்தியார்கள் சொல்லுகிற காரணம் ஒன்றுதான்: 'பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பக்கத்திலேதானே இருக்கிறது, அதற்கு ஒரு டூரா என்பார்கள்.' பாருங்கள், திரும்பவும் அந்தத் தூரம்!

ஜனங்களை அங்கே விடவே கூடாது என்கிற கட்சி ஒன்றும் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயிரம் வருஷத்துச் சிற்பத்தின் மார்பில் அம்பு துளைத்த இதயம் வரைந்து அடியில் இரண்டு பெயர் கிறுக்கியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். சமணர் படுக்கையில் உடைந்த பாட்டில்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் காலிப் பயல் வந்ததே அங்கே யாரும் வருவதில்லை என்கிற தைரியத்தில்தான். குடும்பமும் குழந்தைகளுமாக நடமாடுகிற இடத்தில் பாட்டிலைத் திறக்க அவனுக்குக் கூச்சம் வரும். மத்திய தொல்லியல் துறையின் நீலப் பலகை அவனைத் தடுத்ததா? சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் சிறை, ஒரு லட்சம் அபராதம் என்று அது மிரட்டுகிறது. சேதப்படுத்தக் கூடாத அந்தப் பொருள் என்ன, யார் செய்தது, எதற்காகச் செய்தது என்பதை அதே அளவு எழுத்தில், புரிகிற தமிழில், பக்கத்தில் எழுதிவைத்தால் குறைந்தா போய்விடும்? தண்டனையை மட்டும் படித்துவிட்டு ஒருவனுக்கு மரியாதை வருமென்று எதிர்பார்க்கிறார்கள்.

சுற்றுலாவை 'மேம்படுத்தப் போகிறோம்' என்று அரசாங்கம் சொன்னாலோ எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மேம்பாடு என்றால் அவர்களுக்கு இரும்பும் கண்ணாடியும்தான். 2024 டிசம்பரில் கன்னியாகுமரியில் 37 கோடி ரூபாய்க்குக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இருக்கட்டும், அங்கே கடலுக்குள் இரண்டு பாறைக்கும் நடுவே போக வேண்டியிருக்கிறது. இந்த மலைகளுக்கு அந்த மாதிரி ஒன்றும் வேண்டாம். சாயம் பூசிய சிமெண்டு யானையைக் கல் யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

வேண்டியது வேறு. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு செய்தது நல்ல காரியம். காசில்லாமல் போகலாம், போய் இறங்கியபின் ஒதுங்க இடம் வேண்டாமா என்று என் வீட்டுப் பெண்களே கேட்கிறார்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்பிள்ளைகள் எழுதுகிற யாத்திரைக் கட்டுரைகளில் இந்த விஷயம் வருவதே இல்லை. ஒவ்வொரு மலையடியிலும் தண்ணீர் வருகிற இரண்டு கழிப்பறை, ஒரு குடிதண்ணீர்த் தொட்டி, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புகிற ஒரு பஸ். வெயில் வெயில் என்று புலம்புகிறவர்களுக்கும் அந்த ஆறு மணி பஸ்தான் மருந்து.

நம் பாட்டிமார்கள் எந்தச் சுற்றுலாத் துறையையும் கேட்டுக்கொண்டு புறப்படவில்லை. ஆடிப் பெருக்குக்கு ஆற்றங்கரை, சித்திரைக்கு அழகர் மலை. நூபுர கங்கையில் தலை முழுகிவிட்டு, வாழை இலையில் கட்டிய புளியோதரையைக் குரங்குக்குப் பயந்து பயந்து தின்றார்கள். அதற்கு வருஷம் முழுவதும் பேச்சு இருந்தது. போன வாரம் கொடைக்கானலில் என்ன பார்த்தீர்கள் என்று எதிர் வீட்டுக்காரரைக் கேட்டேன். 'செம கூட்டம் ஸார்' என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கீழக்குயில்குடிக்குப் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் போங்கள். குளத்தில் தண்ணீர் நிற்கும். பேச்சிப்பள்ளத்துச் சுனையிலும் கொஞ்சம் இருக்கும். பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். சாப்பிட்ட இலையை மட்டும் மறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். அய்யனாருக்கு அது ஆகாது.