ஓசையும் உறக்கமும்

விமான நிலையத்தின் பேரிரைச்சல், நாட்டின் வளர்ச்சிக்கு மக்கள் செலுத்தியே தீர வேண்டிய விலை என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பொருந்தாது.

சிங்கப்பூரை நோக்குக. பாய லேபார் நிலையத்தைச் சூழ்ந்து குடியிருப்புகள் பெருகின. அதனையே விரிவாக்க வழி இருந்தும், 1975ஆம் ஆண்டில் அரசு சாங்கியைத் தேர்ந்தது. கடலைத் தூர்த்து நிலம் கண்டது. 1981இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் விமானங்கள் கடலின் மீது ஏறி இறங்க வழி பிறந்தது. செருமனியின் பிராங்க்பர்ட்டிலோ 2011 முதல் இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே பயண அட்டவணையில் விமானம் இடம்பெறுவதற்குத் தடை. அதனால் அந்நிலையம் வீழ்ந்துவிட்டதா? இன்றும் ஐரோப்பாவின் பெருநிலையங்களுள் அது ஒன்றன்றோ!

வழிகள் பல உள. நிற்கும் விமானம் தன் துணைப்பொறியை நிறுத்தி, நிலையத்தின் மின்சாரத்தைப் பெறலாம். இடையிடையே உயரம் மாறாது பறந்து பொறியை முடுக்குவதற்கு மாறாக, சீராகச் சரிந்து இறங்கலாம். இவற்றால் எரிபொருள் மிஞ்சும். புகையும் இரைச்சலும் குறையும். இரைச்சல் மிகுந்த விமானத்திற்கு மிகுந்த கட்டணம் விதிக்கலாம்.

1998இல் பெருவிமானங்கள் செப்பாங்கிற்கு இடம்பெயர்ந்தபின் சுபாங் ஓரளவு அமைதி கண்டது. 2024இல் ஜெட் பயணச் சேவை அங்கு மீண்டது. சூழ வாழ்வோர்க்கு இரவின் அமைதி சலுகையன்று; உரிமை. உறக்கம் கெட்ட குழந்தை மறுநாள் வகுப்பறையில் தலை சாய்க்குமாயின், அவ்விழப்பை எந்த இலாபக் கணக்கில் எழுதுவது?