அடைத்த கணப்பைத் திறப்போர் கவனத்துக்கு

இங்கிலாந்தின் நகரங்களில் விக்டோரியா மகாராணியின் காலத்திலும் அவருக்குப் பின்வந்த எட்வர்டு மன்னரின் காலத்திலும் தெருத்தெருவாகச் சேர்த்துக் கட்டப்பட்ட செங்கல் வீடுகளில், அறைக்கு ஒன்றாக எரிந்துகொண்டிருந்த கணப்புகள், சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும், எரிவாயுவால் நீரைச் சூடாக்கிக் குழாய் வழியே வீடெங்கும் அனுப்பும் ஏற்பாடு வந்தவுடன், இனிப் பிரயோஜனமற்றவை என்று கருதப்பட்டு, பலகை அடித்தும் செங்கல் வைத்தும் அடைக்கப்பட்டன. அந்த வீடுகளுக்கு இன்று உரியவர்கள் உளியும் சுத்தியலுமாக அவற்றை மறுபடி திறந்து, உள்ளே வார்ப்பிரும்பு விறகடுப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் உக்ரைன் யுத்தத்தை ஒட்டி எரிவாயுவின் விலை ஏறிய பின்பு இந்த ஆர்வம் இன்னும் மிகுந்தது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய வீடுகளிலேயே வாழ்வதாலும், உதகையிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் கணப்பைக் கண்டு அதன் அழகில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள் நம்மில் அநேகர் என்பதாலும், இந்த விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்லத் துணிகிறேன். அடைத்த கணப்பைத் திறப்பது நல்ல காரியம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நகரத்தின் நடுவே அதில் அன்றாடம் விறகு எரிப்பது நல்ல காரியமன்று என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான் வீட்டுக்கும் தெருவுக்கும் தீங்கு நேருகிறது.

முதலில் வீட்டின் பட்சத்தைக் கேட்போம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய அந்தப் பழைய சுவர்கள், ஈரத்தை வாங்கவும் வாங்கியதைக் காற்றில் விடவும் வல்லவை. கணப்பில் நெருப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறையின் காற்றைப் புகைபோக்கி மெல்ல மேலே இழுத்துக்கொண்டே இருந்ததனால் அந்தக் காரியம் தடையின்றி நடந்துவந்தது. அடைத்தவர்கள் கீழே ஒரு காற்றுத் துவாரமும் மேலே மழைக்கு ஒரு மூடியும் வைக்காமல் விட்டுவிட்டாலோ, மேலிருந்து இறங்கும் மழைநீர், பல தலைமுறைகள் எரித்த நிலக்கரியின் புகைக்கரியில் ஊறி, அதிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு சுவரின் முகத்துக்கு வந்து சேருகிறது. அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே உறிஞ்சும் சுபாவமுடையவை. ஆகையால் மழையே பெய்யாத நாளிலும், காற்று சற்று ஈரமாக இருந்தால் போதும், கணப்புச் சுவரில் பழுப்பு நிறக் கறை பூத்துவிடும். கூரை ஒழுகுகிறதென்று கூரை வேலைக்காரரையும், குழாய் கசிகிறதென்று பிளம்பரையும் மாறி மாறி அழைத்துப் பணத்தைச் செலவிட்டு, வருஷத்துக்கொரு முறை பெயிண்ட் அடித்துக் கறையை மறைத்துக்கொண்டிருப்பவர்களின் வீட்டில், உண்மையான வியாதி பெரும்பாலும் அந்த அடைப்பிலேதான் இருக்கிறது. இந்தக் காரணம் ஒன்றுக்காகவே கணப்பைத் திறக்கலாம்.

திறப்பதிலும் ஒரு கிரமம் உண்டு. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் ஓசை மாறி உள்ளே வெறுமை இருப்பது தெரியும். பலகையைக் கழற்றினால் பெரும்பாலும் நேராகப் பழைய கணப்பு வந்துவிடுவதில்லை. 1930-களின் மோஸ்தரில் மங்கிய மஞ்சள் ஓடு பதித்த ஒரு சிறிய கணப்பு முதலில் தென்படும். அதையும் எடுத்தால் சூளைக்களிமண்ணால் செய்த பின்புறத் தகடும், அதன் முதுகுக்குப் பின்னே கொட்டி நிரப்பிய உடைகல்லும் காரைத் தூளும் சரியும். அவற்றோடு, புகைபோக்கிக்குள் கூடு கட்டும் ஜாக்டா என்ற சிறிய காக்கை ஆண்டுக்கணக்காகப் போட்டுவைத்த சுள்ளிகள், கூடை கூடையாக, கரியில் தோய்ந்து விழும். இவை யாவும் அகன்ற பிறகே, வீட்டைக் கட்டிய கொத்தனார் முதன்முதலில் விட்ட அகன்ற வாயும், அதன் தலைமேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய வளைவும், அந்த வளைவைத் தாங்கும் துருவேறிய இரும்புப் பட்டையும் வெளிப்படுகின்றன. அங்கே கையை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் அழகாயிருக்குமே என்று வளைவின் ஒரு கல்லைப் பெயர்த்தவர்கள், அதன்மேல் கூரையையும் கடந்து நிற்கும் பல டன் எடையுள்ள புகைபோக்கி முழுவதும் அந்த ஒரு வளைவை நம்பியே நிற்கிறது என்பதை மறந்தவர்கள். உயர்த்தியே தீரவேண்டுமென்றால், தகுந்த இஞ்சினீயரைக் கேட்டு, முட்டுக் கொடுத்து, புது லிண்டல் வைத்த பிறகே உயர்த்த வேண்டும். அடைப்புப் பலகை அறுபது எழுபதுகளைச் சேர்ந்ததாயின் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; பரிசோதித்துத் தெரிந்துகொள்ளாமல் அதை உடைப்பது தகாது.

இனி, திறந்த வாயில் எதற்காக அடுப்பை வைக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பழைய கணப்பு கண்ணுக்கு இனியதே ஒழிய, விறகின் உஷ்ணத்தில் கால் பங்கை அறைக்குத் தந்தாலே அதிகம். மற்றதெல்லாம் ஆகாயத்துக்குப் போய்விடும். அந்தச் சொற்பச் சுகத்துக்கும் ஒரு காலத்தில் வரி இருந்தது: 1662-ஆம் ஆண்டு முதல், கணப்பு ஒன்றுக்கு வருஷத்துக்கு இரண்டு ஷில்லிங் வீதம் வசூலித்தார்கள், அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து கணப்புகளை எண்ணியது ஜனங்களுக்குப் பொறுக்கமுடியாத அவமானமாக இருந்தது. வில்லியமும் மேரியும் சிங்காசனம் ஏறியவுடன் 1689-இல் அது ஒழிந்தது. பிறகு 1790-களில், அமெரிக்காவில் பிறந்து பவேரிய ஆட்சியாளரின் சேவையில் பிரபுப் பட்டம் பெற்ற ரம்ஃபோர்டு என்பவர், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் கழுத்தைக் குறுக்கினால், புகை அறைக்குள் திரும்பாமலும் உஷ்ணம் மனிதர் பக்கம் வீசியும் எரியும் என்று காட்டினார். லண்டன் நகரத்துச் செல்வந்தர்கள் தங்கள் கணப்புகளை அவர் முறைப்படி திருத்திக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவும் காற்றை அளவிட்டு விடும் திருகும் கொண்ட இன்றைய அடுப்பு, அந்த யோசனையின் தொலைதூரச் சந்ததி என்றே சொல்லலாம்; உலர்ந்த விறகை இட்டால் உஷ்ணத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை அறைக்கே தரும்.

ஆனால் அந்த அடுப்பை முப்பதுகளின் குறுகிய பொந்துக்குள் திணித்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமே உண்டாகிறது. நாற்புறமும் இரும்பிலிருந்து கிளம்பும் உஷ்ணத்தைப் பக்கத்துச் செங்கல் குடித்துவிடுகிறது. கணப்பு வெளிச்சுவரில் அமைந்திருந்தால் அது தெருவுக்கே போகிறது. அடுப்பைச் சுற்றிய அடைசலை எல்லாம் எடுத்துவிட்டு, பழைய வளைவு வரையில் வாயை விரித்து, இருபக்கமும் மேலேயும் காற்று தாராளமாகச் சுற்றிவர இடம் விட்டால், அதே விறகில் அறை இன்னும் நன்றாகச் சூடேறுவதைக் கையை நீட்டியே உணரலாம். உட்பக்கத்துக்குச் சாதாரண ஜிப்சம் பூச்சு ஆகாது. சூட்டில் வெடித்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சோ, தீயைத் தாங்கும் பலகையோதான் நிலைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் வாயைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத புகைவழியே முக்கியமானது. ஒரே புகைபோக்கிக்குள், கீழறைக்கும் மேலறைக்கும் சில சமயம் பக்கத்து வீட்டுக்கும் உரிய புகைவழிகள், அரைச் செங்கல் கனமுள்ள தடுப்புகளால் மட்டுமே பிரிக்கப்பட்டு ஒன்றையொன்று ஒட்டி ஏறுகின்றன. அவற்றின் உட்பக்கத்துக்குச் சுண்ணாம்பில் மாட்டுச் சாணம் கலந்து பூசுவது அந்நாளைய கொத்தனார்களின் சம்பிரதாயம். நூறு வருஷத்துப் புகையின் அமிலம் அந்தப் பூச்சைத் தின்று தீர்த்திருக்கும். புகைவில்லை ஒன்றைக் கொளுத்திக் கணப்பில் வைத்து, உச்சியை அடைத்துவிட்டு, மேல்மாடிக்குப் போய்ப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அப்படி ஒரு வீட்டில் பார்த்தபோது, குழந்தைகள் உறங்கும் அறையில், கணப்புச் சுவரை ஒட்டிய அலமாரியின் கதவிடுக்கில் வெண்புகை மெல்லிய கோடாகக் கசிந்துவந்ததை நான் மறக்கமாட்டேன். கார்பன் மோனாக்சைடு இப்படிக் கோடாகத் தெரியாது. நிறமும் வாசனையும் இல்லாமல் அதே இடுக்கு வழியே வரும். எனவேதான் 150 மில்லிமீட்டர் அகலமுள்ள, வளையும் எவர்சில்வர் குழாயை உச்சியிலிருந்து இறக்குகிறார்கள். எனவேதான் 2010 அக்டோபர் முதல் புதிதாக அடுப்பு பொருத்தும் அறையில் அந்த வாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற பொருத்துநர் செய்யவேண்டும், அல்லது உள்ளூர் மன்றத்துக் கட்டிட அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதியைச் சிலர் வீண் தொல்லையென்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த அலமாரியைப் பார்த்தவர்கள் அப்படிச் சலித்துக்கொள்ளமாட்டார்கள்.

புகைக்கரியைப் பற்றி நினைக்கையில், அதைச் சுரண்டுவதற்காக அந்த இருண்ட புழைகளுக்குள் ஏற்றப்பட்ட சிறுவர்களை நினையாமலிருக்க முடியவில்லை. 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற வைத்தியர், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரியே காரணமென்று எழுதினார். 1788-லும் 1834-லும் 1840-லும் சட்டங்கள் வந்தும், பணம் படைத்தோரின் வீடுகளில் சிறுவர்கள் ஏறிக்கொண்டேயிருந்தார்கள். 1875-இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபுல்போர்ன் என்ற ஊரின் ஆஸ்பத்திரிப் புகைபோக்கியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி மாண்ட பிறகே, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், அந்தக் கொடுமையை மெய்யாகவே நிறுத்திய சட்டம் பிறந்தது. ஒருவர் வீட்டின் கதகதப்புக்கு வேறொருவர் சரீரத்தால் விலை கொடுப்பது இந்தத் தேசத்தின் கணப்புகளுக்குப் புதிதல்ல.

அந்த விலையை இன்று கொடுப்பது தெருவிலுள்ளோரின் சுவாசகோசம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் விளைவாகவே 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் இயற்றப்பட்டு, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஏற்பட்டன. அந்தப் பகுதிகளிலும் விலக்குப் பெற்ற அடுப்புகளில் விறகு எரிக்கலாம் என்பது உண்மை. 2021 மே மாதம் முதல் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேற்படக்கூடாது என்ற விதியும், 2022 ஜனவரி முதல் புதிய அடுப்புகளுக்குக் கடுமையான தரமும் வந்திருக்கின்றன என்பதும் உண்மை. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், நுரையீரலின் ஆழம் வரை செல்லும் பிஎம் 2.5 என்ற நுண்துகள்களில், 2020-ஆம் ஆண்டு வீட்டு விறகெரிப்பால் மட்டும் 17 சதவிகிதம் உண்டாயிற்று என்றும், சாலைப் போக்குவரத்தால் உண்டானதைவிட அது அதிகமென்றும் அரசாங்கத்தின் கணக்கே கூறியிருக்கிறது. வேறு வழியில்லாமல் எரிக்கும் தொலைதூரக் கிராமத்தாரை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டேன். சுவரில் ரேடியேட்டர் சூடாக இருக்கையிலேயே, மாலை நேரத்து அழகுக்காக, சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில், ஆஸ்துமாவுள்ள பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜன்னலுக்கு மேலே புகையை விடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

ஆகையால் நகரத்துத் தமிழர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது. கணப்பைத் தாராளமாகத் திறவுங்கள்; வளைவையும் செங்கல்லையும் வெளியே தெரியவிடுங்கள்; உச்சியில் காற்றுப் போகும் மூடியை வையுங்கள். அந்த மாடத்தில் புத்தகங்களை வைத்தாலும் குத்துவிளக்கை வைத்தாலும் சுவர் நன்றியோடு உலரும். அடுப்பு ஏற்கெனவே இருந்தால், சுற்றிலும் இடம் விட்டு, மின்சாரம் நின்றுபோன இரவுக்கும் கடுங்குளிருக்கும் என்று அதை ஒதுக்கிவையுங்கள். எரிக்கும் வருஷத்தில் இருமுறையாவது புகைவழியைச் சுத்தம் செய்வியுங்கள். உள்ளூர் மன்றங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும்: சேர்த்துக் கட்டிய வீடுகளில் புது அடுப்பு பொருத்துமுன் செய்யும் புகைச் சோதனையில், இருபக்கத்து வீட்டாரையும் அழைத்து அவர்கள் அறைகளையும் பார்த்துக் கையொப்பம் வாங்குவதை விதியாக்க வேண்டும், அந்தக் காகிதம், வீடு கைமாறும்போது பத்திரங்களோடு சேர்ந்து புது உரிமையாளர் கைக்குப் போகவேண்டும்.