வீடு மறுக்கும் ஊரின் இழப்பு

கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், தனக்கு உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் 1917-இல் வேலைக்குச் சேர்ந்தார். வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்ட, ஊரை விட்டே போனார். சமஸ்தானம் பணம் போட்டுப் படிக்கவைத்த அறிஞரை அந்த ஊரே இழந்தது. வீடு மறுப்பதை மறுக்கப்பட்டவரின் வலியாக மட்டுமே பேசுகிறோம். மறுக்கும் ஊர் என்ன இழக்கிறது என்று கேட்பதில்லை.

இன்றைய சென்னையில் தடி வேண்டாம், 'சைவம் மட்டும்' என்ற அட்டை போதும். அட்டை இல்லாவிட்டால் புரோக்கர் கேட்பார்: "சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க?" முஸ்லிம் பெயர் என்றால் அந்தக் கேள்விகூட வராது, "நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டாங்க" என்று முடிந்துவிடும். டெல்லி வட்டாரத்தில் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்விலும் தலித்துகளும், அவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களும் திருப்பி அனுப்பப்பட்டது பதிவானது. அப்படித் திரும்பியவர்கள் தங்களை ஏற்கும் சில தெருக்களிலேயே போய் நெருங்குகிறார்கள். அங்கே கூரை ஒழுகினாலும் வீட்டுக்காரர் அசைய வேண்டியதில்லை. குடியிருப்பவருக்குப் போக்கிடம் கிடையாது. எல்லோரும் கலந்து வாழும் தெருவில், அதிகாரியைத் தெரிந்தவர் ஒருவர் புகார் கொடுத்தால் சாக்கடை அடைப்பு எல்லார் வீட்டு வாசலிலும் நீங்கும். பிரிந்து வாழும் நகரத்தில் அந்தச் செல்வாக்கு ஒரு பக்கம், அடைத்த சாக்கடை இன்னொரு பக்கம்.

"என் வீடு, என் விருப்பம்" என்பார்கள். ஓட்டலும் தனியார் சொத்துதான். ஆனாலும் சாதி, மதம் பார்த்து ஒருவரை வெளியே நிறுத்த அரசமைப்பின் 15(2)-ஆவது உறுப்பு அனுமதிப்பதில்லை. வாடகை கட்ட முடியுமா என்று விசாரிக்கலாம், பிறப்பை விசாரிக்க என்ன நியாயம்? இதைத் தடுக்கும் சட்டத்தில், தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை வாடகைக்கு விட்டு, சமையலறையையும் பகிர்பவருக்கு விலக்குத் தரலாம்; தனிப் போர்ஷனுக்கு அது பொருந்தாது. பாகுபாட்டை நிரூபிப்பது கடினம் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் விளம்பரமும் புரோக்கரும் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தப் பதிவையும் முன்பணத்தையும் வரையறுக்கிறது, பாகுபாட்டைத் தடுக்க அதில் பிரிவில்லை. 1997-இல் சமத்துவபுரம் திட்டத்தைத் தொடங்கி, நூறு வீடுகளில் நாற்பதைத் தலித்துகளுக்கு ஒதுக்கி, மற்றவர்களோடு அடுத்தடுத்துக் குடிவைத்த மாநிலம் இது. பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவை வாடகைச் சட்டத்தில் சேர்க்க இனியும் தயங்கக் கூடாது.