அம்மைக்கு மட்டும் தனித் தட்டு

மாசிக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மண்டைக்காட்டில் கொடை என்றால் பத்து நாளும் வீட்டில் ஆள் ஒழியாது. இருமுடி கட்டி வந்த சொந்தக்காரப் பெண்கள், அவர்களோடு வந்த பிள்ளைகள், சாயா, பலகாரம். சாயங்காலம் எல்லாருக்கும் நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தில் முந்திரிக்கொத்து வந்தது. அம்மை முன்னால் மட்டும் மைனி ஒரு தனித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் முந்திரிக்கொத்துதானாம். சிறுபயறுக்குப் பதில் ஓட்ஸ், சர்க்கரைப் பாகுக்குப் பதில் பேரீச்சம்பழம், எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் ஏர் ஃப்ரையர்.

"தைரியமாத் தின்னுங்க மாமி, சுகர் ஏறாது. வீடியோவுல ஒரு டாக்டரே சொல்லியாரு."

பதினோரு வருஷமாக 'தின்னாதே' என்ற ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவியிடம் 'தின்னு' என்று சொன்னால் என்ன ஆகும்? ஆறு தின்றாள். மறுநாள் காலை வெறும்வயிற்றில் 248. அன்றைக்குச் சோறும் சீனி போட்ட சாயாவும் கூட உள்ளே போயிருந்தன, பழி முழுவதையும் அந்த ஆறின் மேல் போட முடியாது. ஆனால் அந்த ஆறுக்கு அனுமதி கொடுத்தது எது என்பதுதான் என் கேள்வி.

மைனியைக் குறை சொல்லமாட்டேன். விடியுமுன்னே எழுந்து ஒரே வீட்டுக்கு இரண்டு சமையல் செய்தவள் அவள். என் கோபமெல்லாம் 'ஹெல்தி வெர்ஷன்' என்கிற அந்தச் சொல் மேல்.

எங்கள் பக்கம் வெல்லத்தைத்தான் சர்க்கரை என்போம், வெள்ளையாக இருப்பது சீனி. இப்போது சீனி விஷம், சர்க்கரை அமிர்தம் என்று ஒரு கூட்டம். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பாலும் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரும்பு, தாது எல்லாம் கொஞ்சம் உண்டு. அந்த இரும்பு உடம்பில் சேருகிற அளவுக்குத் தின்றால் வேறு கதை ஆகிவிடும். பேரீச்சம்பழத்தின் இனிப்போ குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். நார்ச்சத்து உண்டு, சரி. ஆனால் நீரிழிவுக்காரியிடம் 'ஏறாது' என்று சொல்ல அது போதாது. ஏர் ஃப்ரையர் எண்ணெயைக் குறைக்கும், அதையும் மறுக்கவில்லை. அம்மையின் பிரச்சினை எண்ணெயிலா இருக்கிறது? உள்ளே இருக்கிற மாவும் இனிப்பும் அப்படியேதானே இருக்கின்றன? இனிப்பூட்டி மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: எடை குறைக்க அவற்றை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

அடுத்த கூட்டம் 'பாட்டி காலத்து உணவு' என்று கிளம்பியிருக்கிறது. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியிலும் தினைப் பாயசம். எனக்க பாட்டி தினையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் தின்றது மரச்சீனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு. 1942இல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் பாதி வயிற்றை அடைத்தது அதுதான். அவள் மெலிவாக இருந்தது ரெசிப்பியால் அல்ல. சோறு இல்லாததால், தலைச்சுமையாலும் நடையாலும். அதைப் பாரம்பரிய ஞானம் என்று சொல்வது அவள் பட்டினியைக் கேலி செய்வது.

இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து மறைப்பது ஒன்று உண்டு. முந்திரிக்கொத்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும் பண்டம். பயறை வறுத்துப் பொடித்து, பாகு காய்ச்சி, தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கிப் பொரித்தெடுக்க வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உட்காரவேண்டும். அந்தப் பாடே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. 'ஹெல்தி' ஆக்கியதும் அது வாராவாரம் வருகிறது.

தினமும் தின்றதையும் பாருங்கள். புட்டு ஆவியில் வேகிறது. ஓலைக் கொழுக்கட்டை, அதுவும் ஆவிதான். அவியலில் எண்ணெய் கடைசியில் ஊற்றும் ஒரு கரண்டிதான். தலைவலி தீர மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்து கொடுக்கிற மண்டையப்பம்கூட அரிசிமாவும் பயறும் சர்க்கரையும் சுக்கும் சேர்த்து ஆவியில் அவிப்பதுதான். எங்க அம்மனுக்கு ஏர் ஃப்ரையர் தேவைப்படவில்லை. (அதிலும் சர்க்கரை உண்டு, நேர்ச்சை என்று நாலு தின்றால் அதுவும் ஏறும்.)

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், கேரளத்தில் 25.5. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து, இன்றைக்கும் பாதி மலையாளச் சாப்பாடு சாப்பிடுகிற நாங்கள் எந்தப் பக்கம் நிற்போம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பேரும் முந்திரிக்கொத்து தின்றா நோயாளி ஆனார்கள்? மூன்று வேளையும் மலைபோல் சோறு, நாளைக்கு ஐந்து சாயா, பேக்கரிப் பண்டம், உட்கார்ந்த உடம்பு. அந்த மலையைப் பாதியாக்கு என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அதை விற்கவும் முடியாது, ஓட்ஸை விற்கலாம்.

மாற்றவே கூடாது என்கிறேனா? இல்லை. அம்மையே மாற்றியிருக்கிறாள். சோற்றைப் பாதியாக்கி அவியலை இரண்டு மடங்காக்கினாள். மரச்சீனி இரண்டு துண்டு, சாளைப் புளிமுளம் நிறைய. தீயலுக்கு வறுக்கும் தேங்காய் அரை மூடியிலிருந்து கால் மூடி. கருவாடு மாசத்துக்கு ஒரு தடவை. இதற்கெல்லாம் அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. முக்கியமாக, எல்லாரும் அதே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் முகத்தில் நான் பார்த்தது அந்தத் தனித் தட்டின் சங்கடத்தை. சொந்த வீட்டுக் கொடையில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தாள்.

மைனியும் நானும் பேசி முடித்தோம். அம்மையைப் பார்க்கிற டாக்டரிடமும் கேட்டாகிவிட்டது. அடுத்த கொடைக்கு மத்தியானம் சோறு ஒரு கரண்டி, சாயாவில் சீனி இல்லை. சாயங்காலம் பெரிய தாம்பாளத்திலிருந்தே அசல் முந்திரிக்கொத்து ஒன்றே ஒன்று.

அம்மையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஒண்ணுன்னா, மூணு உருண்டை சேந்த கொத்து ஒண்ணுதான மக்கா?"