மேல் ஷட்டர்

என் மனைவியின் அண்ணனுக்கு வயது 78. கம்பத்தில் திராட்சை விவசாயம். சென்ற வருஷம் அவருக்கு அயோர்ட்டிக் வால்வு சுருங்கிவிட்டது என்று சொல்லி, மதுரையில் ஒரு மருத்துவமனையில் நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைத்தார்கள். 'டாவி' என்று அதற்குப் பெயர். அரை ஏக்கர் தோட்டத்தை விற்றுத்தான் பணம் கட்டினோம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். தெருவே திரண்டு வந்து பார்த்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். "மாப்ளே, நாலு படி ஏறினா மூச்சு வாங்குதே" என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆயுசு முழுக்கக் கோப்புப் பார்த்த குமாஸ்தா. காகிதக் கட்டை வாங்கி முதல் தாளிலிருந்து படித்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: எம்.ஆர்., நடுத்தரம் முதல் கடுமை வரை. எங்கள் தலைமுறைக்கு எம்.ஆர். என்றால் ராதாதான்! இது மைட்ரல் வால்வில் கசிவு. அந்த வரியைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதை நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். இதயத்தின் இடது கீழறையை ஒரு பம்பு செட்டு என்று வையுங்கள். தண்ணீர் உள்ளே வரும் மேல் ஷட்டர் மைட்ரல். வெளியே போகும் கீழ் ஷட்டர் அயோர்ட்டிக். கீழ் ஷட்டர் துருப்பிடித்துப் பாதிதான் திறக்கிறது என்றால், பம்பு தள்ளும் வேகத்தில் தண்ணீர் மேல் ஷட்டரை முட்டிப் பின்பக்கம் ஒழுகும். கீழ் ஷட்டரை மாற்றினால் அழுத்தம் குறைந்து மேல் ஒழுக்கும் தானாகக் குறையலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படிக் குறைகிறது. ஆனால் மேல் ஷட்டரின் பலகையே சுண்ணாம்பு ஏறி விறைத்திருந்தால், அல்லது அதைப் பிடித்திருக்கும் நரம்பு அறுந்திருந்தால், குறைவது கடினம். மச்சானுக்கு இந்த இரண்டாவது ரகம் என்று பிறகுதான் சொன்னார்கள்.

டாவி பிறந்தது பிரான்சின் ருவான் நகரில். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது ழான் தார்க்கை எரித்த ஊர், அவ்வளவுதான். அங்கேதான் 2002 ஏப்ரல் 16 அன்று அலென் கிரிபியே என்ற டாக்டர், சர்ஜன்கள் கைவிட்ட 57 வயது நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக இப்படி வால்வு வைத்தார். அன்றைக்குக் குழாய் போன வழி, மைட்ரல் வால்வுக்கு ஊடாக! பிற்பாடு அந்த வழியை விட்டதற்கு அந்த வால்வு காயப்படும் என்ற பயமும் ஒரு காரணம். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளிலோ, கடுமையான மைட்ரல் கசிவு உள்ளவர்களைச் சேர்க்காமலே விட்டார்கள்.

78 வயதில் நெஞ்சைப் பிளந்து இரண்டு வால்வையும் சரிசெய்வது பெரிய ஆபத்து. ஒன்றை மாற்றிவிட்டு, இன்னொன்று எப்படிப் போகிறது என்று பொறுத்துப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் பொறுத்துப் பார்த்ததைத்தான் குறை சொல்கிறேன். ஒரு கோப்பை நிலுவையில் வைத்தால் மறு தேதி எழுதித்தான் வைப்போம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் கையிருப்பை அப்படித் துடைத்துக் கொடுத்திருக்க மாட்டோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது டாவி என்று பேச்சு வந்தால் வாய் திறந்து கேளுங்கள். மைட்ரல் எப்படி இருக்கிறது? கசிவு அழுத்தத்தாலா, வால்வே கெட்டதாலா? மறுபடி எக்கோ எப்போது? குறையாவிட்டால் அடுத்து என்ன, எவ்வளவு ஆகும்? டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நம் வயதுக்காரர்கள் தயங்குகிறோம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது.

இப்போது மைட்ரலுக்கு ஒரு கிளிப் போடலாம் என்கிறார்கள். அதற்கும் லட்சங்கள். மிச்சம் இருப்பது அரை ஏக்கர். "கொடியில கொத்து விட்டிருக்கு மாப்ளே, அறுப்பு முடியட்டும்" என்கிறார் மச்சான். வியாழக்கிழமை அவரை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு முழுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.