சேனல் இருக்கிறது, பாட்டுதான் இல்லை

டொரன்டோ நகரில் குவீன் மேற்குத் தெரு, எண் 299. மெதடிஸ்ட் திருச்சபையின் புத்தக வெளியீட்டுப் பிரிவுக்காக 1910-களில் எழுப்பப்பட்ட ஐந்து மாடிக் கட்டடம். சமய நூல்கள் தயாரான அந்த இடத்துக்கு 1987-ல் குடிவந்தவர்களின் ரசனை வேறு. பக்கச் சுவரில் ஒரு செய்தி வேனைப் பொருத்தினார்கள், சுவரைப் பிளந்துகொண்டு அது வெளியே பாய்வது போல. தரைத்தளத்து ஜன்னல்களைத் தெருவுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே பாடகர் பேட்டி கொடுத்துக்கொண்டிருப்பார்; வெளியே நடைபாதையில் பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நிகழ்ச்சி.

அது 'சம்' நிறுவனத்தின் வீடு. வானொலி நிலையத்துக்குக் கிடைத்த நான்கு எழுத்து அடையாளக் குறியைச் சேர்த்துப் படித்தால் சம். ஆங்கிலத்தில் தோழன் என்று பொருள். பேடன்ட் மருந்து கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்த ஆலன் வாட்டர்ஸ், தன் முதலாளியிடமிருந்து 1954-ல் அந்தச் சிறு நிலையத்தை வாங்கினார். 1957 மே மாதம் அதை 24 மணி நேர நிலையமாக்கி, அமெரிக்க பாணியில் ஹிட் பாடல்களை மட்டுமே திரும்பத் திரும்ப ஒலிபரப்பத் தொடங்கினார். வாரம் ஒரு முறை பாடல்களின் தரவரிசைப் பட்டியல் அச்சாகி இசைத்தட்டுக் கடைகளில் கிடைக்கும். 1986 வரை நின்றுபோகாமல் வந்த பட்டியல் அது. வாட்டர்ஸ் ஆடம்பரம் இல்லாத கணக்குப்பிள்ளை ரக முதலாளி. அவருடைய நிறுவனத்துக்குப் பைத்தியக்காரத்தனம் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

அது மோசஸ் ஸ்னைமர் வடிவில் வந்தது. தாஜிகிஸ்தானில் யூத அகதிகளுக்குப் பிறந்து, சிறுவனாக மாண்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தவர். 1972-ல் நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய சிட்டிடிவி, பல டிவி பெட்டிகளில் எளிதாகப் பிடிக்கவே முடியாத 79ஆம் சேனல். கையில் காசு இல்லை. எனவே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, நின்றபடியும் நடந்தபடியும் பேசினார்கள். கேமராக்காரரும் மின் கம்பிகளும் திரையில் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டார்கள். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் வயது வந்தவர்களுக்கான படங்களைப் போட்டு ஆள் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கனடிய டிவியில் வெள்ளை முகங்களே தெரிந்த காலத்தில், டொரன்டோ தெருவில் நடமாடும் எல்லா நிற முகங்களையும் செய்தி சொல்ல வைத்ததும் இந்த நிலையம்தான். வாட்டர்ஸ் 1978-ல் இதில் ஒரு பங்கை வாங்கினார், 1981-ல் முழுவதையும். கணக்குப்பிள்ளையும் பைத்தியக்காரரும் இப்படி ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

இதன் பிறகுதான் சிறப்பு சேனல்கள். கனடாவில் இவை இந்தியாவில் வந்தது போல வரவில்லை. இங்கே 1991-ல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி இறங்கியபோது அனுமதி கேட்க யாரும் இல்லை, கொடுக்கவும் யாரும் இல்லை. கேபிள் சட்டமே 1995-ல்தான் வந்தது. கனடாவில் சி.ஆர்.டி.சி. என்ற ஆணையம் உரிமம் கொடுத்தால்தான் சேனல். அந்த உரிமம் வெறும் அனுமதிச் சீட்டு அல்ல, ஓர் ஒப்பந்தம். நீங்கள் என்ன காட்டுவீர்கள், அதில் எத்தனை சதவீதம் கனடியத் தயாரிப்பு, உள்ளூர்க் கலைஞர்களுக்கு வருமானத்தில் எவ்வளவு என்றெல்லாம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். பதிலுக்கு ஆணையம் ஒரு வரம் கொடுக்கும்: அந்தத் துறையில் உங்களோடு நேரடியாக மோத இன்னொரு சேனலுக்கு உரிமம் தர மாட்டோம். இசைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, அறிவியல் புனைகதைக்கு ஒன்று. கேபிள் கம்பெனி சந்தாதாரரிடம் வசூலிக்கும் பணத்தில் மாதந்தோறும் தலைக்கு இவ்வளவு சென்ட் என்று சேனலுக்கு வந்துவிடும். விளம்பரம் அதற்கு மேல்.

வரம் எவ்வளவு வலிமையானது என்பதை அமெரிக்க நாட்டுப்புற இசை சேனலான சி.எம்.டி. 1995-ல் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. பத்தாண்டுகளாகக் கனடிய கேபிளில் ஓடிக்கொண்டிருந்த சேனல் அது. அதே இசைக்கு உள்நாட்டு சேனல் ஒன்று உரிமம் பெற்றதும் கேபிளிலிருந்து கழற்றப்பட்டது. அமெரிக்க அரசு வர்த்தகப் பதிலடி கொடுப்போம் என்று மிரட்டும் அளவுக்கு விஷயம் முற்றியது. கடைசியில் அமெரிக்கர்கள் அந்தக் கனடிய சேனலிலேயே ஒரு பங்கை வாங்கி சமாதானமாகிப் போனார்கள்.

1984 ஆகஸ்ட் 31-ல் மச்மியூசிக் ஒளிபரப்பைத் தொடங்கியது. மறுநாள் டி.எஸ்.என். என்ற விளையாட்டு சேனல். கனடாவின் சிறப்பு சேனல் யுகம் அந்த இரண்டு நாட்களில் பிறந்தது என்று சொல்லலாம். எம்.டி.வி.யின் நகல் என்று மச்மியூசிக்கை ஒதுக்கியவர்கள் உண்டு. நகல்தான்; ஆனால் எம்.டி.வி. செய்ய அவசியமே இல்லாத ஒரு காரியத்தை இது செய்தாக வேண்டியிருந்தது. கனடியப் பாட்டு வீடியோக்களைக் காட்ட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. காட்டுவதற்கு வீடியோக்கள்? டொரன்டோவிலும் ஹாலிஃபாக்ஸிலும் மதுக்கூடங்களில் பாடிக்கொண்டிருந்த குழுக்களிடம் வீடியோ எடுக்கப் பணம் ஏது? எனவே சேனல் தன் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி 'வீடியோஃபேக்ட்' என்ற நிதியை ஏற்படுத்தியது. குழுக்கள் விண்ணப்பிக்கும், பணம் கிடைக்கும், வீடியோ தயாராகும், சேனல் காட்டும். ஒரு நாட்டின் பாப் இசைக்குக் கேமராவுக்கு முன் நிற்கக் கற்றுக்கொடுத்தது இந்தச் சிறு வட்டம். கேமராவுக்குப் பின் நிற்பவர்களையும் இந்தச் சூழலே உருவாக்கியது. பின்னாளில் டிரேக் போன்ற பெரும் நட்சத்திரங்களின் வீடியோக்களை இயக்கிய டைரக்டர் எக்ஸ், மச்மியூசிக்கில் பயிற்சி ஊழியராக நுழைந்தவர்.

இந்தியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு முகமும் அங்கே இருந்தது. பஞ்சாபிக் குடும்பத்துப் பெண்ணான மோனிகா தியோல் மனிடோபாவின் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். 1988-ல் தொடங்கிய 'எலெக்ட்ரிக் சர்க்கஸ்' நடன நிகழ்ச்சியை 1996 வரை நடத்தினார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் நிற்பவர்களும் பார்க்க, ஸ்டூடியோவுக்குள் இளைஞர்கள் ஆடும் நிகழ்ச்சி. தெற்காசியப் பெண் என்றால் டிவியில் ஏதோ பிரச்சினை பற்றிய ஆவணப் படத்தில்தான் வருவாள் என்றிருந்த நாட்டில், இவர் வாரந்தோறும் விருந்துக்கு அழைப்பவராக வந்தார்.

சம் வளர்ந்தது. 1995 புத்தாண்டு அன்று கலைகளுக்கான பிராவோ, 1997-ல் அறிவியல் புனைகதைக்கு ஸ்பேஸ், 1998-ல் டொரன்டோவுக்கு மட்டுமான 24 மணி நேரச் செய்தி சேனல் சி.பி.24, 2001-ல் ஃபேஷன் டெலிவிஷன். கட்டட மூலையில் 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' என்ற கூண்டு. ஒரு டாலர் போட்டால் யார் வேண்டுமானாலும் கேமராவைப் பார்த்துப் பேசலாம். காசு தர்மத்துக்குப் போகும், பேச்சில் நல்லது ஒளிபரப்பாகும். காதலைச் சொன்னவர்கள், மேயரைத் திட்டியவர்கள், வேலை கேட்டவர்கள். பேர்நேக்கட் லேடீஸ் என்ற குழு 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கூண்டுக்குள் அடைந்துகொண்டு பாடி, ஊரின் கவனத்தைப் பிடித்தது. கைத்தொலைபேசியைப் பார்த்து ஊரே பேசும் இந்தக் காலத்தில் அந்தக் கூண்டின் மதிப்பை விளக்குவது கொஞ்சம் சிரமம்.

இந்த இடத்தில் 'சுதந்திர நிறுவனம்' என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். கனடாவில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்: கம்பி தன் கையில் இல்லாத நிறுவனம். கேபிள், தொலைபேசி, செயற்கைக்கோள் இணைப்புகளை வைத்திருந்த பெருநிறுவனங்கள் சேனல்களையும் வாங்கத் தொடங்கிய காலத்தில், சம் சேனல்களை மட்டுமே வைத்திருந்தது. அதன் பாதுகாப்பு சி.ஆர்.டி.சி.யின் வரம்தான். அந்த வரத்தைத் தன்னைவிடச் சிறியவர் மீது பிரயோகிக்கவும் அது தயங்கவில்லை. கால்கரியைச் சேர்ந்த கிரெய்க் குடும்ப நிறுவனம் 2001-ல் எம்.டி.வி. பெயரில் ஒரு டிஜிட்டல் சேனலைத் தொடங்கியபோது, உரிமத்தை மீறிப் பாட்டு போடுகிறார்கள் என்று சம் புகார் கொடுத்தது. 2004-ல் கிரெய்க்கையே சுமார் 26.5 கோடி டாலருக்கு விழுங்கி, எம்.டி.வி. பெயரையும் எடுத்துவிட்டது. தோழன் என்ற பெயருக்குப் பொருத்தமான நடத்தை அல்ல.

ஸ்னைமர் 2003-ல் விலகினார். வாட்டர்ஸ் 2005 டிசம்பரில் இறந்தார். ஏழே மாதங்களில், 2006 ஜூலை 12 அன்று, சம் நிறுவனத்தை சி.டி.வி.யின் உரிமையாளரான பெல் குளோப்மீடியா சுமார் 170 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே நாளில் சுமார் 280 பேருக்கு வேலை போனது. வான்கூவர், எட்மன்டன், கால்கரி, வினிபெக் நகரங்களில் சிட்டிடிவியின் மாலைச் செய்திகள் நிறுத்தப்பட்டன. முந்தின ஆண்டு வரை வேறு பெயரில் இருந்து, கிரெய்க்கிடமிருந்து வந்து, சிட்டி பெயருக்கு மாறியிருந்த நிலையங்கள் அவற்றில் மூன்று. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முதலாளிகள், மூன்றாமவர் வாசலில்.

2007 ஜூனில் ஆணையம் ஒப்புதல் அளித்தது. ஒரே ஊரில் ஒருவருக்கு இரண்டு நிலையங்கள் கூடாது என்று சொல்லி, ஐந்து சிட்டிடிவி நிலையங்களை விற்க வைத்தது. கேபிள் நிறுவனமான ரோஜர்ஸ் 37.5 கோடி டாலருக்கு அவற்றை வாங்கியது. சுமார் இருபது சிறப்பு சேனல்கள் சி.டி.வி.க்கு. ஆக, உடல் ஒருவருக்கு, கைகால்கள் இன்னொருவருக்கு. சி.பி.24-க்குச் செய்தி சேகரித்துக் கொடுத்ததே சிட்டிடிவியின் செய்திப் பிரிவுதான். இப்போது இருவரும் போட்டியாளர்கள். 2009-ல் சிட்டிடிவி வேறு கட்டடத்துக்குப் போனது. 2011-ல் தொலைபேசி நிறுவனமான பெல், சி.டி.வி.யை முழுமையாக எடுத்துக்கொண்டது. 1984-ல் ஒரு நாள் இடைவெளியில் பிறந்த மச்மியூசிக்கும் டி.எஸ்.என்.னும் ஏற்கெனவே ஒரே முதலாளியின் கீழ் வந்திருந்தன. வாட்டர்ஸ் ஹிட் பாடல்கள் போட்ட 1050 அலைவரிசை 2011-ல் டி.எஸ்.என். பெயரில் விளையாட்டு வானொலியானது.

பெல் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எழுதுவது எளிது, நியாயமல்ல. ஸ்பேஸ் சேனலின் மிகச் சிறந்த தயாரிப்பான 'ஆர்ஃபன் பிளாக்' தொடர் 2013 முதல் 2017 வரை பெல் காலத்தில்தான் வந்தது. அதன் நாயகி டாட்டியானா மஸ்லானிக்கு 2016-ல் எம்மி விருது கிடைத்தது. பாட்டு வீடியோவை யூடியூப் பறித்துக்கொண்டதும் பெல் செய்த குற்றம் அல்ல. ஆனால் ஒரு சேனலை வாங்குபவர் அதன் உரிமத்தில் எழுதியிருக்கும் கடமையையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தக் கடமையைச் சுமையாகப் பார்ப்பதா, சேனலின் உயிராகப் பார்ப்பதா என்பதில்தான் முதலாளிக்கு முதலாளி வித்தியாசம். 2015-ல் ஆணையமே துறைக்கு ஒரு சேனல் என்ற பாதுகாப்பைக் கைவிட்டது. யாரும் எதையும் காட்டலாம். 2017-ல் பெல்லின் உரிமங்களைப் புதுப்பித்தபோது, மச் சேனல் இசை வீடியோக்களுக்கும் பிராவோ குறும்படங்களுக்கும் நிதி தர வேண்டும் என்ற நிபந்தனைகளையும் நீக்கியது. 33 ஆண்டுகள் ஓடிய நிதி அந்த ஆண்டே மூடப்பட்டது. சட்டப்படி எல்லாம் சரி. பெல் கேட்டது, ஆணையம் கொடுத்தது. பாட்டுக் குழுக்களுக்குத்தான் விண்ணப்பம் அனுப்ப முகவரி இல்லாமல் போனது.

சேனலின் பெயரிலிருந்து 'மியூசிக்' 2013-லேயே உதிர்ந்துவிட்டது. வெறும் மச். பாட்டின் இடத்தை மெல்ல மெல்ல நகைச்சுவைத் தொடர்களின் மறு ஒளிபரப்பு பிடித்தது. தெருவையே அடைத்து நடந்த வருடாந்திர வீடியோ விருது விழா 2018-க்குப் பிறகு நடக்கவில்லை. 2019-ல் ஸ்பேஸ், பிராவோ இரண்டும் பெயர் இழந்து சி.டி.வி. வரிசையில் எண்ணிக்கையோடு எண்ணிக்கையாகச் சேர்ந்தன. பிராவோ கதை இன்னும் வேடிக்கை. பெயரின் சொந்தக்காரர்கள் அமெரிக்கர்கள் என்பதால் அது 2024-ல் ரோஜர்ஸ் கைக்குப் போய், தன் வேறொரு சேனலுக்கு அவர்கள் அதைச் சூட்டினார்கள். நாட்டியமும் ஜாஸும் ஆவணப் படமும் காட்டப் பிறந்த பெயர், ரியாலிட்டி நிகழ்ச்சிகளோடு வீடு திரும்பியது.

மச்மியூசிக் என்ற முழுப் பெயரை 2021-ல் பெல் டிக்டாக்கில் மீண்டும் எடுத்தது. 2023-ல் ஷான் மெனார்ட் என்ற இயக்குநர் பழைய ஒளிப்பதிவுகளைக் கொண்டே ஓர் ஆவணப் படம் எடுத்தார். படத்தின் தலைப்பு அந்தக் கட்டடத்தின் முகவரி, அவ்வளவுதான். பழைய தொகுப்பாளர்களைக் கூட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போய்த் திரையிட்டபோது, நரை விழுந்தவர்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

ஸ்னைமரும் சும்மா இருக்கவில்லை. 2010-ல் விஷன் டிவி என்ற பல மத ஆன்மிக சேனலை வாங்கினார். அதை நடத்திய அவருடைய ஜூமர்மீடியா எந்த கேபிள் கம்பெனிக்கும் சொந்தமில்லாத சுதந்திர நிறுவனம். அதன் குறி, 45 வயதைத் தாண்டியவர்கள். 1984-ல் மச்மியூசிக்கின் முதல் நாள் ஒளிபரப்பைப் பார்த்த 15 வயதுப் பிள்ளைகள் 2014-ல் அந்த வயதுக்கு வந்து சேர்ந்தார்கள்.